கீழ்வேளூர் மறியலில் நூற்றிருபது மில்லி பால்

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருபத்திரண்டு வருடமாக டீ மாஸ்டராக இருக்கிறேன். என் சொந்த மகளுக்குக் கலந்த முதல் பாட்டில் பாலை இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றினேன். நல்ல நுரை. பிள்ளை அந்த நுரையெல்லாம் குடித்து, வயிறு உப்பி, மொத்தத்தையும் என் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணே, இது பால் பவுடர். ஸ்ட்ராங்கா ஒரு டீ இல்ல" என்றார்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்துப் பிறந்தவள் கயல். பிள்ளை பிறந்தால் நாகூர் தர்காவில் மொட்டை போடுவதாக என் மனைவி தமிழரசி வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடும் மருந்தால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஐந்து மாதக் குழந்தையோடும் பால் பவுடர் டப்பாவோடும் போன ஆவணியில் கிளம்பினோம். இப்படிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். பிழை இருந்தால் தமிழரசி திருத்தியிருப்பாள், அதற்கு மேலும் இருந்தால் அவளைக் கேளுங்கள்.

மூன்று பாட்டில்களையும் ரப்பர்களையும் வீட்டிலேயே கொதிக்க வைத்து, உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டோம். பவுடரைத் தனியாக, ஈரம் படாமல். கொதித்த தண்ணீர் ஒரு பிளாஸ்கில். கலந்து எடுத்துப் போகக் கூடாது, பசிக்கும்போதுதான் கலக்க வேண்டும் என்பது நர்சம்மாவின் கட்டளை. பவுடரிலேயே கிருமி இருக்குமாம், நல்ல சூடான தண்ணீர்தான் அதைக் கொல்லுமாம்.

காலை ஆறேகாலுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினோம். திருவாரூர் ஏறக்குறைய ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தெட்டு ரூபாய். எட்டு ஐம்பதுக்கு இறங்கி, ஒன்பதேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டில் இரண்டாவது பால். அங்கேதான் கோட்டை விட்டேன். டீக்கடைக்காரன் கை சும்மா இருக்குமா? டம்ளரைக் கண்டால் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. ஏற்கனவே சுத்தமாக இருந்த பாட்டிலுக்கு ஒரு கழுவல், மூடிக்கு ஒன்று, கரண்டிக்கு ஒன்று, பக்கத்து ஆள் நீட்டிய டம்ளருக்கும் ஒன்று. பால் கலந்து முடித்தபோது பிளாஸ்கில் இரண்டு மடக்குதான் மிச்சம்.

"நாகப்பட்டினம் முக்கால் மணி நேரந்தானே, அங்க பிடிச்சுக்கலாம்" என்றேன். தமிழரசி பிளாஸ்கைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

ஒன்பதரை பஸ், இருபத்திரண்டு ரூபாய் டிக்கெட். பத்து மணிக்குக் கீழ்வேளூருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நின்றது. சாலை மறியல். நாற்று நட்ட வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க, அதிகாரிகள் யாரையும் கேட்காமல் அடையாளக் கல் ஊன்றிவிட்டார்களாம். ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. நடுரோட்டில் செங்கல் அடுப்பு கூட்டி, பெரிய பானையில் கஞ்சி காய்ச்சும் போராட்டம். ஆதரவாகக் கடைகள் எல்லாம் அடைப்பு.

"எப்ப விடுவாங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"கலெக்டர் வரணும்னு உக்காந்திருக்காங்க. நீங்க ஒரு தூக்கம் போடுங்கண்ணே."

பதினொன்றே முக்காலுக்குக் கயல் விரலைச் சப்ப ஆரம்பித்தாள். பன்னிரண்டுக்கு அழுகை. பஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. "பாட்டில் தண்ணி இருக்குல்ல, அதையே ஊத்திக் கலக்குங்க." "இருக்கற தண்ணியில ரெண்டு கரண்டி கூடப் போட்டு கெட்டியா குடுங்க." பின் சீட்டுப் பெரியவர் ஒருவர் கல்கண்டையே நீட்டினார். எதற்கும் நான் மசியவில்லை. பிள்ளைக்குப் பதினேழு வருடம் காத்திருந்தவனுக்கு, வெந்நீருக்குக் காத்திருப்பது பெரிதா? கண்டக்டரிடம் மூடி திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி, கயலைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தேன், பால் பையோடு தமிழரசி பின்னால் வந்தாள்.

அடுப்புக்கு அதிகாரி வளர்மதி அக்கா. கூலி வேலை பார்த்துப் போன வருடம்தான் சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கினாராம். அதிலேயேதான் முதல் கல்.

"அக்கா, பிள்ளைக்குப் பால் கலக்கணும். இந்தத் தண்ணிய மட்டும் கொதிக்க வச்சுத் தர்றீங்களா?"

அவர் கயலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பேத்தியா?"

"பொண்ணுங்கக்கா. எனக்கு வர வேண்டிய பஸ்ஸு கொஞ்சம் லேட்டு."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஆனால் இருந்தது ஒரே அடுப்பு. சரியாக அந்த நேரம் பார்த்து டி.வி. கேமராக்காரர் வந்து நின்றார். "அக்கா, பானை நல்லாக் கொதிக்குது, அப்படியே ஒரு ஷாட். பத்து நிமிஷத்துல நான் கிளம்பணும்."

காலையிலிருந்து அவர்கள் காத்திருந்தது இந்தக் கேமராவுக்குத்தான். நான் தண்ணீர் பாட்டிலோடு ஓர் அடி பின்வாங்கினேன். வளர்மதி அக்கா முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, பானையை ஒரே மூச்சில் இறக்கிக் கீழே வைத்தார்.

"அக்கா, பானை!" என்று கத்தினார் கேமராக்காரர்.

"இருய்யா. அந்தக் கட்சி இந்தக் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டுச்சு, இந்தக் கட்சி கல்லு ஊனுது. ரெண்டும் எங்க ஓடிப்போகப் போவுது? புள்ள குடிக்கட்டும், அப்பறம் எடு."

கயலைத் தமிழரசியிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் எவர்சில்வர் சொம்பை இரண்டு முறை தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றினேன். ஓரத்தில் குமிழி வந்ததுமே "போதும் போதும்" என்று கூட்டம் கத்தியது. தளதளவென்று கொதிக்காமல் இறக்கமாட்டேன் என்று நின்றேன். கயல் போட்ட கூச்சலில் மைக்கில் பேசியவரே நிறுத்திவிட்டார்.

இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்ததும், பாட்டிலில் முதலில் தண்ணீர், நூற்றிருபது மில்லி. பிறகு நான்கு கரண்டி பவுடர், கூம்பாக இல்லாமல் வழித்த அளவு. கை தானாக மேலே எழும்பியது. பின்னாலிருந்து தமிழரசி, "கையக் கீழ எறக்குங்க!" என்றாள். இறக்கினேன். மூடிபோட்டுக் குலுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலைக் கழுத்து முங்காமல் நிற்க வைத்து ஆற்றினேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், சுடவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கயல் வாய் வைத்தாள். நடுரோட்டில் முந்நூறு பேர் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டாள். கைதட்டல். அதைத்தான் கேமராக்காரர் எடுத்தார். பானை ஓரத்தில் தெரிந்ததாம்.

இனி உங்களுக்கு. பிளாஸ்க் ஒன்று போதாது, இரண்டு எடுங்கள். அந்த வெந்நீரில் எதையும் கழுவாதீர்கள், கை தானாகப் போனாலும். கரண்டி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் இருக்கிற ஆங்கிலம் புரியாவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், நான் அப்படித்தான். குடித்து மிஞ்சியதைக் கீழே கொட்டுங்கள், அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், மனசு கேட்காதுதான். தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், பவுடரைக் கூட்டவும் வேண்டாம். வெட்கப்படாமல் கேளுங்கள். ரோட்டையே மறித்தவர்களிடமும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இரவல் வாங்கிய பாத்திரத்தை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். இன்னொரு கொதி வைத்து, பிளாஸ்கை நிரப்பித் தமிழரசி கையில் கொடுத்து, அவளையும் கயலையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். ஒரு மணிக்குப் போலீஸ் வேன் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற எல்லோரையும் ஏற்றினார்கள். வழி கிடைத்ததும் பஸ் கிளம்பிவிட்டது. "மூணேகாலுக்குப் பாலு!" என்று வேனிலிருந்து கத்தினேன். எங்களைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பெயர் எழுதினார்கள். நான் நாற்பத்து மூன்றாவது ஆள், தொழில் விவசாயம் என்று எழுதியிருந்தது. மதியம் எலுமிச்சை சாதம். நாகூரிலிருந்து தமிழரசி காட்டிய கயலின் மொட்டையைப் போனில் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு விட்டார்கள். அங்கே கொடுத்த டீ சுமார்தான்.