சிவந்த சைலன்சர்

மண்மேட்டில் ஓட்டும் மகளின் குட்டி டர்ட் பைக்கில் சைலன்சர் குழாய் பழுத்துச் சிவந்திருந்தது. "பொம்பளப் புள்ள கண்டபடி முறுக்கியிருக்கும், வித்துடுங்க" என்றார் மெக்கானிக்.

காய்ந்த இரும்பின் வாசனை என்னை ஒரத்தநாட்டு வயலுக்கு இழுத்தது. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை அம்மாதான் ஓட்டினாள். ஒருநாள் அதன் புகைக்குழாயும் இப்படிச் சிவந்தது.

"பொம்பள தொட்டா இப்படித்தான். இனிமே இன்ஜின் பக்கமே வராத" என்றார் பெரியப்பா.

குழாய் ஆறியதும் அம்மா கம்பியால் குடைந்தாள். மழைநீர் இறங்காமலிருக்கப் பெரியப்பா அடைத்த வைக்கோல், பாதி உருவப்படாமல் உள்ளே கருகியிருந்தது. "இத யாரு வச்சதுங்க?" என்று கேட்டுவிட்டு, கைப்பிடியைச் சுற்றி இன்ஜினை ஓடவிட்டாள்.

மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைப் பார்க்கச் சொன்னேன். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து கூடுதல் காற்று புகுந்ததால்தான் அந்தச் சூடு.

"போன வாரம் இத யாரு மாட்டுனதுங்க?" என்றேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கிளாம்பை இறுக்கினார். மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.