நடுச்சுவருக்கு அடியில் ஒரு குழாய்

சாக்கடை வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வாய்த்துடுக்குக்கும் அவரை விட்டால் ஆளில்லை என்பதும் தெரியும். குழாய் எந்தப் பக்கம் எவ்வளவு சரிய வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதால் ‘வாட்டக்காரர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ஒப்பந்தக்காரரிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவர். “நீங்க போடச் சொல்ற வாட்டத்துல தண்ணி நடக்காது, தூங்கும்” என்று பத்துப் பேர் முன்னால் சொன்னதில் அந்த வேலை போயிற்று. பிறகு வீடு வீடாகத்தான் பிழைப்பு. ஒரு வீட்டில் இரண்டாம் முறை அவரைக் கூப்பிடுவது அபூர்வம். அவர் போட்ட குழாய் அடைக்காது. அவர் பேசின பேச்சு மறக்காது.

அன்று அவரைக் கூப்பிட்டது ஒரு வீட்டின் மூத்த மருமகள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுவர் மேலே பிரித்ததோடு சரி, அடியில் ஓடுவது ஒரே குழாய். மூத்தவள் வீட்டுக் கழிவுநீர் தம்பி மனைவியான இளையவள் கொல்லைக்கு அடியில் போய்த்தான் தெருவைச் சேர வேண்டும். இப்போது அது திரும்பி ஏறி, மூத்தவள் சமையலறையில் கணுக்கால் அளவு கறுப்பாக நின்றது.

“அந்தப் பக்கத்துக்காரிதான் அடைச்சு வச்சிருக்கா. போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு. நீ தோண்டி எடு, நான் போட்டோ எடுக்கணும்” என்றாள்.

“நான் குழாய் பாக்க வந்திருக்கேன். சாட்சி சொல்ல வரல.”

“கூப்பிட்டது நாங்க. சொன்னதைச் செய்.”

அவள் கணவர் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். தாள் அசையவே இல்லை.

வாட்டக்காரர் சுவரோரம் கடப்பாறையைப் போட்டார். சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து இளையவள் குரல் வந்தது.

“எங்க பக்கம் ஒரு பிடி மண் விழட்டும், அப்புறம் இருக்கு!”

மண் விழவில்லை. ஆனாலும் துணி அலசிய தண்ணீர் ஒரு வாளி சுவரைத் தாண்டி வந்து அவர் பிடரியில் விழுந்தது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி கீழதாம்மா போகணும், மேல வரக்கூடாது. அது தெரிஞ்சவங்க ரெண்டு வீட்லயும் இல்லையா?”

மதியத்துக்குள் குழாயைக் கண்டு, சுவருக்கு நான்கு அடி முன்னாலேயே அறுத்தார். அடைப்பு அங்கேதான் இருந்தது, மூத்தவளின் பக்கத்தில். கையை விட்டு இழுத்தார். சோப்புக்கட்டி போல் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு, கற்றை கற்றையாகத் தலைமுடி, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள், கடைசியாக ஒரு வெள்ளிக் கரண்டி. பாகம் பிரித்த அன்று இளையவள் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று மூத்தவள் உறவெல்லாம் சொல்லி வைத்திருந்த கரண்டி.

“போட்டோ எடுக்கலையாம்மா?” என்றார் வாட்டக்காரர்.

மூத்தவள் முகம் சிவந்தது. “அவகிட்ட எவ்வளவு வாங்கின? நீயே கொண்டு வந்து போட்டுட்டு எடுக்கறியா?”

இளையவள் ஸ்டூல் போட்டுச் சுவர் மேல் தலையை நீட்டினாள். “திருடின்னியே! இப்ப யாரு திருடி?”

அதோடு வாட்டக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “நீங்க மட்டும் என்ன? மாடி மழைத்தண்ணி மொத்தத்தையும் இந்த ஒரு குழாய்லதானே விட்டிருக்கீங்க? நாளைக்கு மழை வந்தா ரெண்டு வீடும் மிதக்கும். ரெண்டு பேரும் ஒரே அச்சு. உங்க குடும்ப லட்சணம் குழாய்க்குள்ளயே தெரியுது.”



“கூலிக்கு வந்தவன் எங்க குடும்பத்தைப் பேசறதா?” என்றாள் மூத்தவள்.

“நல்லா கேளுங்கக்கா!” என்றாள் இளையவள்.

மூன்று வருஷத்தில் முதல் ‘அக்கா’ அது. அப்புறம் இருவரும் சேர்ந்தே பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் தொடர்ந்தாள். வெளியே போ என்றார்கள்.

“குழாயைச் சேர்க்காம போகமாட்டேன்” என்று அவர் குழிக்குள் குனிந்தார். வாட்டம் பார்த்து, புதுக் குழாய்த் துண்டு வைத்து ஒட்டி, காய்ந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காது கொடுத்தார். தண்ணீர் தெருக் கால்வாயில் போய் விழும் சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பினார். அதுவரை வசவு நிற்கவில்லை.

வீட்டில் கதையைக் கேட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “பேசாத ரெண்டு பேரைப் பேச வச்சிட்டு வந்திருக்கீங்க!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார். “திட்டினா திட்டிட்டுப் போகட்டும். தண்ணி போகுதான்னு ஒருத்தியாவது எட்டிப் பாக்கணுமா இல்லையா?”

அந்த அக்கா தங்கை உறவு பத்து நாள்கூடத் தாங்கவில்லை என்று கேள்வி. குழாய் தாங்கியது. இரண்டு பெருமழை கழித்து, கடைத்தெருவில் மூத்தவளின் கணவர் வாட்டக்காரரின் சைக்கிளை நிறுத்தினார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லா போகுதுப்பா” என்றார் மெதுவாக.

“இதை அன்னைக்கே சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு வாட்டக்காரர் மிதித்துப் போனார். அன்று போன புது வீட்டிலும் பத்து மணிக்குள் சண்டை வந்துவிட்டது.