உறைந்த ஏரியில் டாக்டரைத் தேடிப் போன ஓடீல்

ஓடீல் ரன்கூருக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். புன்னகையோடு நிற்கிற சிரிப்பில்லை; தோள் குலுங்கி, கண்ணில் நீர் வழிந்து, மூச்சுக்குத் தவிக்க வைக்கிற சிரிப்பு. கல்யாணத்தில் பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டபோது சிரித்தாள். மருந்தாளுநர் வேலைக்கான நேர்முகத்தில் சிரித்தாள். மாமனாரின் அடக்கத்தின்போது சிரித்ததைப் புருஷன் வீட்டார் இன்னும் மன்னிக்கவில்லை. அதனாலேயே நாலு பேர் முன்னால் எழுந்து பேச வேண்டிய எந்தக் காரியத்துக்கும் அவள் போனதில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில், காகித ஆலை மூடிப்போன எங்கள் ஊரின் ஒரே மருந்துக்கடையை அமைதியாக நடத்திக்கொண்டிருந்தாள். கல்லாவில் நான், பெர்னிஸ்.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை காலை வெர்னா காலணியில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனிக்காலத்தில் சொந்த வண்டியின் முன்னால் இரும்புப் பலகையை மாட்டி, வீட்டு வாசல்களில் பனி தள்ளுவாள். வயது நாற்பத்திரண்டு, மூன்று பிள்ளைகள். குரலைத் தாழ்த்திப் பேசுவது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

"ஓடீல், நேத்து எங்களுக்கு ஆணுறை கிழிஞ்சுபோச்சு. கரு தங்காம இருக்க ஒரு மாத்திரை இருக்காமே, குடு."

இருமல் மருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்தப் புட்டியையே வேதம்போலப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"இருக்கு வெர்னா. பின்னாடி அலமாரியில கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. ஆனா டாக்டர் சொல்லாம நான் தரக் கூடாது. சட்டம்."

"சரி, டாக்டரைக் கேளு."

அங்கேதான் சிக்கல். மருத்துவ நிலையம் திங்கள்வரை பூட்டு. ஆஸ்பத்திரி அறுபது மைல் தள்ளி, மலைச்சாலையோ பனியில் மூடிக்கிடந்தது. அந்த மாத்திரை மூன்று நாளைக்குள் சாப்பிட வேண்டியது. சீக்கிரம் சாப்பிடச் சாப்பிடத்தான் பலன். ஓடீல் ஒன்பது இடத்துக்குப் போன் போட்டாள். ஆறு இடத்தில் பதிவுக் குரல் பேசியது. ஒரு இடத்தில் நாய் குரைத்தது.

"எங்க பெரியவனுக்கு ஜூன்ல கல்யாணம்," என்றாள் வெர்னா. "மருமக வாந்தி எடுத்தா நியாயம். பக்கத்துல நின்னு மாமியாரும் எடுத்தா அது என்ன நியாயம்?"

பத்தாவது போனில் டாக்டர் பிளாஜெட்டின் மனைவி கிடைத்தாள். "அவரா? ஏரியில மீன் பிடிக்கப் போயிட்டார். அங்க போன் எடுக்காது. அதுக்காகத்தான் போறதே."

டாக்டர் வாயால் சொன்னால் போதும், மருந்தாளுநர் எழுதிக்கொள்ளலாம். சட்டம் அந்த மட்டும் தாராளம். ஓடீல் வெள்ளைக் கோட்டின் மேலேயே குளிர்கோட்டை மாட்டி, மாத்திரைப் பெட்டியையும் சீட்டுக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். நான் கடையைப் பூட்டினேன். வெர்னாவின் வண்டியில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம்.

ஏரி முழுக்கக் கல்லாக உறைந்திருந்தது. மேலே வரிசை வரிசையாக மரக்குடிசைகள், எழுபது இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். எது டாக்டருடையது?

வெர்னா முதல் கதவை இடித்தாள். "டாக்டர் இருக்காரா?"

"இல்லையே. யாருக்கு என்ன ஆச்சு?"

"அவசரம்!" என்று கத்திவிட்டு அடுத்த கதவுக்கு ஓடினாள்.

ஐந்தாவது குடிசைக்கு நாங்கள் போவதற்குள் சேதி எங்களை முந்திக்கொண்டது. யாருக்கோ நெஞ்சுவலி என்றார்கள். யாரோ பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார் என்றார்கள். தொப்பி போட்ட ஆட்கள் நாலா பக்கமும் "டாக்டர்! டாக்டர்!" என்று கூவிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடினார்கள். ஒருவர் கயிறும் ஏணியும் தூக்கிவந்தார். ஓடீலுக்குச் சிரிப்பு தொடங்கிவிட்டது. என் தோளைப் பிடித்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தாள்.

கடைசி வரிசையில், ஒரு கையில் மீனோடு டாக்டர் பிளாஜெட் வெளியே பாய்ந்தார். "நெஞ்சுவலி யாருக்கு?"

"என் நெஞ்சு கிண்ணுனு இருக்கு டாக்டர்," என்றாள் வெர்னா. "உறைதான் கிழிஞ்சுபோச்சு."

சுற்றி நின்ற நாற்பது பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். டாக்டர் மீனைப் பார்த்தார். பிறகு அவளைத் தனியே அழைத்துப்போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்து, ஓடீலிடம் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். சிரித்துக்கொண்டே அவள் எழுதிக்கொண்டாள். ஏணி கொண்டுவந்தவர் தன் குடுவையிலிருந்து வெர்னாவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவள் மாத்திரையை விழுங்கியதும் யாரோ கை தட்டினார்கள். பிறகு ஏரியே கை தட்டியது.

"இது என்ன கூத்து?" என்றார் டாக்டர், வண்டிவரை கூட வந்து. "பயிற்சி எடுத்த மருந்தாளுநரே நேரா குடுக்கலாம்னு சட்டசபையில ஒரு மசோதா வந்திருக்கு. டாக்டரோட ஒரு ஒப்பந்தம் இருந்தா போதும். செவ்வாய்க்கிழமை விசாரணை. யார் வேணா போய்ப் பேசலாம். நீ போ ஓடீல்."

"நானா? சிரிச்சுடுவேன் டாக்டர்."

"சிரிச்சா சிரி. நான் ஓட்டறேன்," என்றாள் வெர்னா.

செவ்வாய்க்கிழமையும் பனி கொட்டியது. வெர்னா தன் பலகையைத் தாழ்த்தி, முன்னால் இருந்த பனியை ஒதுக்கிக்கொண்டே மலையிறங்கினாள். எங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பதினோரு கார்கள் வந்தன. தலைநகரை அடைந்தபோது அவர்கள் ஒலிப்பான் அடித்து நன்றி சொல்லிப் பிரிந்தார்கள். வெர்னா மகாராணி மாதிரிக் கையசைத்தாள்.

பேச விரும்புகிறவர்கள் இளஞ்சிவப்பு அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓடீல் எழுதிய பெயரை அவளாலேயே வாசிக்க முடியவில்லை. மசோதாவை விசாரிக்கும் சட்டசபைக் குழுவில் பதினெட்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். எங்கள் மாநிலத்தில் உறுப்பினர் என்றால் விவசாயி, தச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை. தலைவியம்மாளுக்கு அடுத்து, வான்கோழி வளர்க்கும் எல்வுட் டிரஸ்காட் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மசோதா அவருக்குப் பிடிக்கவில்லை என்பது புருவத்திலேயே தெரிந்தது.

ஓடீலைக் கூப்பிட்டார்கள். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே," என்றாள். அவ்வளவுதான். தோள் குலுங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒலிவாங்கியிலேயே சிரித்தாள்.

தலைவியம்மாள் சுத்தியலைத் தட்டினார். "மேடம், இது சிரிக்கிற விஷயமா?"

"இல்லீங்கம்மா. பயத்துல சிரிக்கிறேன். எங்க மாமனார் அடக்கத்துலயும் இப்படித்தான்."

ஓரத்தில் ஒரு உறுப்பினர் களுக்கென்றார். பக்கத்திலிருந்த ஆசிரியைக்கு அது தொற்றியது. தலைவியம்மாள் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார். ஓடீல் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஏரிக் கதையைச் சொன்னாள். பெயர் மட்டும் சொல்லவில்லை. மருந்து தன் பையில், டாக்டர் எழுபது குடிசைகளில் ஒன்றில், நடுவில் ஒரு பெண் பனியில் ஓடுகிறாள் என்றாள்.

"அந்தப் பொம்பளை நான்தாங்க!" என்று பின்னாலிருந்து வெர்னா எழுந்து நின்றாள். "யாருக்கும் சந்தேகம் வேணாம்!"

கூடம் வெடித்தது. சுத்தியல் தலைவியம்மாளின் கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது.

டிரஸ்காட் மட்டும் அசையவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, "ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "ஏற்கெனவே வயித்துல ஒரு உயிர் இருந்தா, இந்த மாத்திரை அதை என்ன பண்ணும்?"

ஓடீலின் சிரிப்பு நின்றது. அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா. கரு உண்டாகாம இருக்கத்தான் இந்த மாத்திரை. முக்கியமா, முட்டை வெளிய வர்றதைத் தள்ளிப்போடும். முட்டை வந்தப்புறம் குடுத்தா பிரயோஜனம் இல்ல. அதனாலதான் மணிக்கணக்கு முக்கியம். சனிக்கிழமை வர்ற பொண்ணை திங்கக்கிழமை வானு அனுப்பறது, மருந்தைப் பாதி கீழ கொட்டிட்டுக் குடுக்கற மாதிரி. எனக்கு மருந்து தெரியும். அவங்ககிட்ட என்னென்ன கேக்கணும்னும் தெரியும். அவங்க தட்டற கதவுக்குப் பின்னால நான் இருக்கேன், டாக்டர் இல்ல."

டிரஸ்காட் தலையை மட்டும் அசைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் அவரே தேடிவந்தார். "நல்லாப் பேசினீங்கம்மா. பதில் நேரா இருந்துச்சு. ஆனாலும் நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். சொல்லாம போனா நல்லா இருக்காது."

"சொன்னதுக்கு நன்றிங்க," என்றாள் ஓடீல்.

சொன்னபடியே எதிர்த்துப் போட்டார். ஆனாலும் மசோதா குழுவில் தப்பியது. நானூறு பேர் சபையில் சொற்ப வித்தியாசத்தில் கரையேறியது. மேலவையையும் தாண்டி ஆளுநரின் கையெழுத்தையும் பெற்றது. வானொலியில் அந்தச் செய்தி வந்தபோது ஓடீல் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றிரண்டு வரை எண்ணியவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பயிற்சிக்கு இரண்டு நாள் போய்வந்தாள். டாக்டர் பிளாஜெட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, "இனி என்னை நிம்மதியா மீன் பிடிக்க விடுங்க," என்றார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை முதல் ஆள் வந்தாள். மலையேற வந்த வெளியூர்க்காரி, முதுகில் பை, முழங்காலில் கட்டு. கல்லாவில் நிற்கும் என்னைத் தாண்டி, ஓடீலிடம் குனிந்து மெல்லச் சொன்னாள். இருவரும் ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஓடீல் கேட்டாள், எழுதினாள், எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அந்தப் பெண்.

"அவ்வளவுதாம்மா."

"இதுக்கு நான் ஆறு மைல் அழுதுகிட்டே இறங்கி வந்தேன்."

"போகும்போது பாட்டுப் பாடிக்கிட்டே ஏறு."

கதவு மணி ஒலித்து அவள் போனதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்துப் பதினான்கு நிமிடம். ஓடீல் வெள்ளைக் கோட்டின் பைகளில் கையை விட்டுக்கொண்டு நடுக்கடையில் நின்றாள். பிறகு, "பெர்னிஸ், மூடற நேரம் ஆச்சு, ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாமா?" என்றாள். மூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப ஓடிப்போய் வாங்கிட்டு வா," என்றாள். "பெரிய கோப்பையா. மேப்பிள் பாகு ரெண்டு பங்கு ஊத்தச் சொல்லு."