யோகா அக்கா திறந்து வைத்திருந்த கோப்பு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதை நம்பப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டளவில், வவுனியாவில் ஒரு சிறிய நிவாரண அலுவலகத்தில் வேலை. நான்கு கணினிகளை வயரால் இணைத்து, பொதுக் கோப்புகளை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது என் பொறுப்பு. உறவுகளைத் தேடுவோரின் பட்டியலை, அதைப் பதிந்துவந்த யோகா அக்கா மட்டும்தான் திருத்தலாம். என் அம்மாவும் சண்டையில் போர் எல்லைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டு, நான்கு வருடமாகத் தகவல் இல்லை. ஆனால் அவர் பெயரை நான் கொடுக்கவில்லை, அலுவலகத்தில் ஒருவரிடமும் சொல்லவுமில்லை. எழுதிவிட்டால் தொலைந்தது உறுதியாகிவிடும் என்று ஒரு பயம்.

லீவில் ஊருக்குப் போன யோகா அக்கா ஷெல் விழுந்து இறந்துபோனார்.

"தம்பி, கணினியில இருந்து அவவின்ர பேரை எடுத்துவிடும்," என்றார் பொறுப்பாளர், என் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிறு மத்தியானம், அறையில் தனியே கிடப்பதற்கு அலுவலகத்தில் கிடக்கலாம் என்று போனேன். ஒருவரும் இல்லை. அக்காவின் அனுமதியை நீக்கிவிட்டு, சரிபார்க்கப் பட்டியலைத் திறந்தால், யோகா இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்கிறது திரை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய கணினி உறை போட்டபடி, வயர் கழற்றியபடி இருந்தது. ஏதோ பிழையாக்கும் என்று வாசிக்க மட்டும் திறந்தேன். கடைசி வரி புதிது. அம்மாவின் பெயர். இடம், ஜெயபுரம். தேடுபவர், சின்னக்குஞ்சு.

அம்மா மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர் அது. பயம் என்று சொல்லமாட்டேன். நான்கு வருடத்தில் அன்றுதான் யாரோ பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

அந்தப் பக்கம் போன ஒருவரிடம் ஜெயபுரத்துக்குக் கடிதம் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அம்மாவின் கையெழுத்தில் பதில் வந்தது. சண்டை நின்று பாதை திறந்ததும் நானே போய்க் கூட்டிவந்தேன். பஸ்ஸில் கேட்டேன்.

"அம்மா, உங்கட பேரை ஆரும் வந்து பதிஞ்சவையோ?"

"இல்லையடா, ஒருதரும் வரேல்லை." யன்னல் பக்கம் திரும்பினார். "ஒருநாள் மத்தியானம் நான் இருந்த கொட்டிலுக்குள்ள சின்னச் சின்னதா ஏதோ தட்டுற சத்தம் கேட்டது. மழையாக்கும் எண்டு வெளிய வந்து பாத்தன். வெயில் எறிச்சுக்கொண்டு நிண்டது."

அதுவரை அம்மா கணினி என்ற ஒன்றைக் கண்டதோ, அதன் விசைகளைத் தட்டும் சத்தத்தைக் கேட்டதோ இல்லை.