கேரட் நடவு

கேரட்டை நாற்று விட்டு, பறித்து, சிறு சிறு கட்டுகளாக முடி கட்டி, வயலில் நடுவதுபோல் வரிசை பிடித்து நட்டவள் இந்த உலகத்தில் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். கூடமாட நானும் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

எழுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு நீலகிரியில் ஓர் அணைக்கட்டில் வேலை. நாங்களோ காரைக்கால் கோட்டுச்சேரிப் பக்கத்தில், நெல் விளைவிக்கும் கூட்டுக் குடும்பத்தில் இருந்தோம். அப்பாவின் அண்ணன், பெரியப்பா, வைத்ததுதான் அங்கே சட்டம். அப்பா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். மூன்று வருடம் இப்படி ஓடியபின், நானும் அங்கேயே போய் இருக்கிறேன் என்று அம்மா பெரியம்மா மூலம் கேட்டுவிட்டாள். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் பெரியப்பா பதிலை என்னிடம் சொன்னார்.

“பாப்பா, ஒங்கம்மாகிட்ட சொல்லு. பொங்க வரைக்கும் இருந்து பாக்கட்டும். வெறும் பனியும் பாறையுமா கெடக்குற ஊரு, ஒரு கீரத்தண்டு மொளைக்காது. அங்க என்ன குடித்தனம்? பொங்கலுக்கு வந்தா இங்கயே இருந்துடச் சொல்லு.”

கதவுக்குப் பின்னால்தான் அம்மா நின்றாள். இருந்தாலும் நான் போய் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தேன்.

கீரைத்தண்டு பேச்சு அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த வெண்டையையும் கத்தரியையும் போட்டாள். வெண்டை இரண்டு இலை விட்டுக் குளிரில் விறைத்துச் செத்தது. கத்தரி எட்டியே பார்க்கவில்லை. “போனாப் போவுது, சந்தையில வாங்கிக்கலாம்” என்று சொன்ன அப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பரிதாபப்பட்டு ஒரு பிடி கேரட் விதை கொடுத்தார். “சும்மா தூவி விடுங்க, அதுபாட்டுக்கு வந்துரும்” என்றார். அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னாள்.

“நடாம வெளையிற பயிரும் உண்டாடி? பாவம், இவங்களுக்கு வெவசாயம் தெரியல.”

நாற்றங்கால் தயாரானது. நான்கு பக்கமும் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினாள். விதை அழுகிவிடும் என்று அக்கா பதறியடித்து ஓடிவந்து காலாலேயே வரப்பை உடைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டினோம். நான் எடுத்துக் கொடுக்க, அம்மா குனிந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டாள். முதல் நாற்றுக்குக் குலவை வேறு போட்டாள். யார் வீட்டில் விசேஷம் என்று நாலைந்து ஜன்னல்கள் திறந்தன.

மார்கழியில் உறைபனி விழுந்து இலைகளெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெளுத்தன. பொழுது சாய்ந்தால் அப்பாவின் வேட்டிகள் கேரட்டுக்குப் போர்வையாயின. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பிடுங்கினோம். ஒன்றுகூட நேராக இல்லை. இரண்டு கால், மூன்று கால், காலைப் பின்னிக்கொண்டது என்று விதவிதமாக வந்தன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“மொளைச்சுதா இல்லியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள்.

பொங்கல் படையலில் இங்கிலீஷ் காய் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பரங்கிக்கும் அவரைக்கும் கிடைத்த மரியாதை கேரட்டுக்குக் கிடைக்கவில்லை. பை ஒரு மூலையில் கிடந்தது.

மறுநாள் பெரியப்பாவே பையை எடுத்துத் தரையில் கொட்டினார். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

“பாப்பா, இத நாத்து வுட்டா நட்டுச்சு ஒங்கம்மா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“வேர் ஒடிஞ்சா இப்படித்தான் பொளந்துக்கும். அடுத்த தடவ நேரா தெளிச்சு வுடச் சொல்லு. நெருக்கமா மொளைச்சா நடுவுல நடுவுல கலைச்சு வுடணும்.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “சொல்ல மாட்டேன் போங்க” என்றேன். அந்த வீட்டில் அவரை அப்படி யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவரோ ஒரு கேரட்டை வேட்டியில் துடைத்து, கடித்துக்கொண்டே மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

உள்ளே ஓடினேன். கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அழாதம்மா. பெரியப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது” என்று சமாதானம் சொன்னேன். அம்மா என்னை எலும்பு நோக இறுக்கிக்கொண்டாள்.

அம்மாவை அழவைத்த மனிதர் என்று பெரியப்பா மேல் வெகுகாலம் வன்மம் வைத்திருந்தேன். நான்கே நாளில் நாங்கள் மறுபடி மலைக்கு ரயிலேறியபோதுகூட அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் “அடுத்த தடவ” என்று சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது, என் காதில்தான் விழவேயில்லை.