கன்னியம்மாள் போடாத மண்

கிரிவலப் பாதையில் பெற்ற பிள்ளைகளே விட்டுவிட்டுப் போகும் முதியவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்றுதான் சந்தியாகு ஃபாதர் வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து 'அடைக்கல மகள்கள்' சபையை ஆரம்பித்தார். அங்கே யார் இறந்தாலும், எந்த மதமானாலும், ஒரு சிஸ்டர் மகளாக நின்று "அம்மா" என்றோ "அப்பா" என்றோ கூப்பிட்டு மூன்று பிடி மண் போடுவாள். நல்ல வழக்கம். ஊரே மெச்சியது.

மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுச் சாமியாருக்கு வேகம் ஜாஸ்தி. அநாதைகளுக்கு மகளான பிறகு, பெற்றவர்கள் சாவுக்குக்கூட சிஸ்டர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டுவிட்டார்.

சபையின் முதல் சிஸ்டர் கன்னியம்மாள். கீழ்பென்னாத்தூரில் அவளுடைய தாய் இறந்தபோது அவளை அனுப்பாமல், அடக்கப் பூசைக்கு அவரே போய் வந்தார். திரும்பியதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா மொகம் எப்படி இருந்துச்சுங்க ஃபாதர்?"

அவர் பார்க்கவே இல்லை. "அமைதியா இருந்தாங்கம்மா" என்றார்.

சில வருஷம் கழித்து, தன் தாய் இறந்த செய்தி வந்ததும் முதல் ஆளாக ஓடினார். ஊருக்குத்தானே உபதேசம்! அங்கே தாயின் முகத்தைப் பார்த்து அழுதபோதுதான் கன்னியம்மாளுக்குச் செய்தது உறைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு அடக்கத்திலும் அவள் யாரோ ஒருத்தியை "அம்மா" என்று கூப்பிட்டு மண் போடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

இப்போது அவள்தான் சபைத் தலைவி. சென்ற வாரம், அதே கீழ்பென்னாத்தூரில் சிஸ்டர் இனியாவின் அப்பா இறந்துவிட்டதாக போன் வந்தது. ஃபாதர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கன்னியம்மாளின் அறைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ண அனுப்பிடும்மா. நான் போட்ட சட்டம் தப்பு."

"அப்ப நான் போகாம இருந்தது எதுக்குங்க ஃபாதர்?"

ஃபாதர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகூப்பினார்.

"உங்கம்மா மொகத்த நான் பாக்கவே இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடு."

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. ஆட்டோவை வரச்சொன்னாள். இனியாவை ஏற்றிவிட்டு, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் போறேன். எங்கம்மாவையும் அந்த ஊரு கல்லறைத் தோட்டத்துலதான வெச்சீங்க? எந்த இடம்னு சொல்லுங்க, மண்ணு போட்டுட்டு வந்துடறேன்."

வேலி ஓரமா, கிணற்றுப் பக்கமா? நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஆட்டோ கிளம்பும் வரைக்கும் அவருக்கு நினைவு வரவில்லை.