இரண்டாவது பெயருக்கு ஒரு கட்டம்

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிடுகிறது, மீதி முன்னும் பின்னுமாக வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பினாயில் வாசனை. திரும்பினால் தனம். ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜில் கூட்டித் துடைக்கிறாளாம். "இன்னாக்கா, இப்டி இளைச்சிட்ட?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் வளையலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தனம் என்றால் எனக்குப் புதுப் பட்டு வாசனைதான். நான் பட்டுக்கடை உள்ளறையில் இருந்தவள். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை விரித்து, அழுக்கோ இழை விட்டதோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைப்பது என் வேலை. தனமும் அவள் வீட்டுக்காரரும் கோர்வைச் சேலை நெய்தார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்குத் தறியில் ஓர் ஆள் போதாது. அவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, இவள் ஓரத்தில் உட்கார்ந்து கரை இழை ஓட நாடாக்கட்டையைத் தள்ளுவாள். சேலை கொடுக்க இருவரும் சேர்ந்துதான் வரவேண்டும் என்பது பழைய முதலாளி வைத்த வழக்கம். நெய்தவர் கூலி அவர் கையில், ஓரத்தில் உட்கார்ந்தவள் கூலி அவள் கையில். தனம் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "இது என் பொண்ணு ஃபீஸு. ஒயின்ஷாப்புக்கு வழி தெரியாது இதுக்கு" என்பாள். அவள் புருஷன் ஃபேனைப் பார்ப்பார். நான் சிரிப்பை அடக்கச் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

முதலாளிக்குப் பிறகு அவர் மகன் வந்தார். நல்ல பிள்ளை. நூல், ஜரிகை, தறி, கடை எல்லாம் ஒரே சாஃப்ட்வேருக்குள் வரவேண்டும் என்றார். ஈஆர்பி என்றார்கள். யாரோ புது மேனேஜரின் இனிஷியல் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இரண்டு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து காட்டினார்கள். உள்ளறையில் அதைப் பார்க்கப்போவது நான் என்பதால் என்னையும் ஏசி ரூமில் உட்காரவைத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி. எங்கேயாவது ஓடிவிடுமோ என்று மேசையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தனம் முன்னாடியே சொல்லியிருந்தாள்: "அதுல என் பேரு வருதான்னு மட்டும் பாத்துக்கோக்கா. மொத்தமா அவரு பேர்ல பேங்குல போட்டாங்கன்னா நான் செத்தேன்."

முதலில் வந்தவர் காட்டியதில் எல்லாம் இங்கிலீஷ். ஆனால் ஒரு தறிக்கு இரண்டு பேரைப் போடலாம் என்று, பெயருக்குக் கீழே இன்னொரு கட்டத்தைக் காட்டினார். அடுத்து வந்தவருடையது முழுக்கத் தமிழ். 'சேலை வரவு', 'பழுது' என்று கொட்டை எழுத்தில். "நீங்களே அமுக்குங்க மேடம்" என்றார். என்னை யாரும் மேடம் என்றதில்லை. அமுக்கினேன், திறந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தறிக்கு ஒரே ஒரு பெயர்தான் அதில். பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

"பெரியம்மா, உங்களுக்கு எது தோதா இருக்குது?" என்றார் சின்னவர்.

இங்கிலீஷ் வந்தால் என் இடத்துக்குப் படித்த பெண் வந்துவிடுவாளே என்று பயம். அத்தனை ஆண்களுக்கு நடுவில் தனத்தின் பெயர் எங்கே என்று கேட்கக் கூச்சம்.

"தமிழே இருக்கட்டும்பா" என்றேன்.

அதற்கப்புறம் கூலி மொத்தமும் அவர் கணக்கில் ஏறியது. கடைக்கு அவர் மட்டும் வந்தார். தனம் ஒரு தடவை வந்து, "நீ பாத்தியாக்கா?" என்றாள்.

"கவனிக்கலம்மா."

"சரி வுடு, நீ இன்னா பண்ணுவ" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். பெண்ணின் ஃபீஸுக்காகத் தறியை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

கண் மங்கி நானும் வேலையை விட்டாயிற்று. நான் இருந்தவரைக்கும் அந்தத் தறியிலிருந்து அப்புறம் ஒரு கோர்வைச் சேலைகூட வரவில்லை. ஓரத்தில் உட்கார ஆளில்லை. ஜோடியாக வந்து உட்கார உள்ளறையில் விரித்திருந்த பாயும் போய், அங்கே பார்சல் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

கேட்டிருந்தால் அந்தத் தமிழ் சாஃப்ட்வேரிலும் இரண்டாவது பெயருக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் புரியாது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முடியாது என்று நீங்கள் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.